சிவப்பு நூல் கட்டிய பிளக்

வெள்ளவத்தையில் கனடாச் சாமான் இல்லாத தமிழ் வீடு ஒன்றை யாராவது காட்டினால் அந்த வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அண்ணன் அனுப்பிய மிக்ஸி, மச்சாள் கொண்டுவந்த அயன்பொக்ஸ், லீவில் வந்த மருமகன் பாரம் கூடிவிட்டதென்று விட்டுப்போன ஹீட்டர் என்று ஒவ்வொரு பிளாட்டிலும் ஒரு மூலை நிறைந்திருக்கும். ரொறன்ரோவில் சுவரில் வருகிற கரண்ட் நூற்றிருபது வோல்ட். இங்கே இருநூற்று முப்பது. அனுப்புகிறவர்களுக்கு இது நினைவிருப்பதில்லை. நினைவிருந்தாலும், "ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி வையுங்கோவன்" என்ற ஒரு சொல்லோடு அவர்களுடைய கடமை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியை அறைக்கும் குசினிக்கும் தூக்கிக்கொண்டு நடப்பது இங்கே மிஞ்சி இருக்கிறவர்களின் பாடு.

சுபோதினியின் வீட்டில் மிஞ்சி இருந்தது சுபோதினி. ஐம்பத்து நான்கு வயது. காலையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம், பின்னேரம் மூன்று மணிக்கும் சனிக்கிழமை பத்து மணிக்கும் வீட்டு ஹோலில் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள்கூடக் களைத்துப்போய்க் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா சரோஜினிதேவிக்கு எண்பத்திரண்டு. சுவாசப்பை பழுதாகி, களுபோவில ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்து, இனி வீட்டிலேயே ஒட்சிசன் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டு ஆறு மாதமாகிறது. அண்ணன் ராகுலன் ரொறன்ரோவிலிருந்து ஒட்சிசன் மெஷின் ஒன்றை அனுப்பினான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மெஷின். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும். அதன் முதுகில் ஒட்டியிருந்த தகட்டில் நூற்றிருபது வோல்ட், நான்கு அம்பியர் என்று எழுதியிருந்தது.

பிழை நடந்துவிடக் கூடாதென்று சுபோதினி ஒரு சட்டம் போட்டிருந்தாள். நேரே சுவரில் குத்தினால் எரிந்துவிடக்கூடிய கனடாச் சாமான் எல்லாவற்றின் பிளக்கிலும் சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். சிவப்பு நூல் கண்டால் பெட்டிக்குள்தான் குத்த வேண்டும். அண்ணனின் மகள் பாவித்துவிட்டு அனுப்பிய லப்டொப்பின் சார்ஜருக்கு மட்டும் நூல் இல்லை. அது எந்த நாட்டுக் கரண்டையும் தாங்கும். தட்டைப் பல்லுக்கு ஒரு அடப்டரை மாட்டிச் சுவரிலேயே குத்தலாம். அந்த அடப்டர் பகலில் சுபோதினியின் கைப்பையில் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்காது என்பதால், அதன் பின்பக்கத்தில் கறுப்பு மையால் 'சுபோ' என்று எழுதி வைத்திருந்தாள்.

அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ளக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஹ்மியா வருவாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பஸ் ஏறி ஏழு மணிக்குள் வந்துவிடுவாள். முதல் நாள் சிவப்பு நூல் சட்டத்தைச் சொன்னபோது தலையை ஆட்டினாள். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை அம்மாவின் விரலில் கிளிப்பை மாட்டி, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்த்து, உள்ளேயிருந்தே உரத்துச் சொல்லுவாள். "தொண்ணூத்தி நாலு, டீச்சர்." சுபோதினி வெள்ளைப் பலகையின் மூலையில் 94 என்று எழுதிவிட்டு வகுப்பைத் தொடர்வாள். ரியூசன் பிள்ளைகளுக்கும் அது பழகிப்போயிருந்தது. எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் அவர்களே பேனையை வைத்துவிட்டு அறைப் பக்கம் பார்ப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை எப்படி விடிந்தது என்று கேட்டால் சுபோதினியால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஆறு மாதமாக இரவில் நான்கு மணித்தியாலம் தொடர்ந்து படுத்தறியாத ஒருத்திக்கு விடிவதும் ஒன்றுதான், விடியாததும் ஒன்றுதான். ஐந்து மணிக்கு எழும்பினாள். அம்மாவைத் துடைத்து உடுப்பு மாற்றுகிற முக்கால் மணித்தியாலம் மெஷினுக்கு ஓய்வு. அந்த இடைவெளியில் பெட்டியைக் குசினிக்குத் தூக்கிப்போய்க் கனடா மிக்ஸியில் சம்பல் அரைப்பது வழக்கம். அரைத்தாள். அம்மாவைத் துடைத்தாள். பயிற்சித் தாள்களைக் காணோம் என்று தேடினாள். லப்டொப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். அம்மா கட்டிலில் மூத்திரம் போய்விட்டார். மறுபடி துடைத்தாள், மறுபடி உடுப்பு மாற்றினாள். பஹ்மியா கதவைத் திறந்து வரும்போது சுபோதினி செருப்பைக் கொழுவிக்கொண்டிருந்தாள். அம்மா தேத்தண்ணி குடித்ததும் மெஷினைப் போடும் என்று சொல்லிவிட்டுப் படியால் ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் லப்டொப்பில் சார்ஜ் இல்லை. சார்ஜர் இருந்தது, அடப்டரைக் காணவில்லை. கைப்பையைக் கவிழ்த்துத் தேடினாள். கணக்குப் படிப்பிக்கிற நாகேந்திரம் சேர்தான் எடுத்திருப்பார் என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டாள். அவர் கேட்காமல் எடுப்பார், எடுத்ததை மறப்பார். அன்று காலை அவர் ஆசிரியர் அறைக்கே வரவில்லை என்பது அவளுடைய தீர்ப்பை அசைக்கவில்லை. படம் காட்ட முடியாமல் சோக்கால் எழுதியே மூன்று பாடம் எடுத்தாள். போனைச் சத்தமில்லாமல் பையில் போட்டிருந்தாள். ஒன்றரைக்கு எடுத்துப் பார்த்தபோது பஹ்மியாவிடமிருந்து பதினொரு அழைப்பு வந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா உயிரோடு இருந்தார். கட்டிலருகே ஆளுயர ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று நின்றது. பஹ்மியா சொன்னாள்: சுவிட்சைப் போட்டதும் மெஷின் உறுமி, பட்டென்று வெடித்து, எரிந்த மணம் வந்தது. உடனே நிறுத்திவிட்டாள். அம்மாவின் எண் எண்பத்தாறுக்கு இறங்கியது. கரண்ட் போனால் பாவிக்க வைத்திருந்த சின்னச் சிலிண்டரை மாட்டினாள். டீச்சர் போன் எடுக்காததால் காலி வீதி மருந்துக்கடைக்கு எடுத்துப் பெரிய சிலிண்டருக்குச் சொன்னாள். கீழே காவலுக்கு இருக்கிற ஆளை அய்யே அய்யே என்று சிங்களத்தில் கெஞ்சி அதை மேலே தூக்குவித்தாள். இப்போது தொண்ணூற்று மூன்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சுபோதினியின் கண் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனது. சிவப்பு நூல் கட்டிய வயர் கட்டிலுக்குப் பின்னால் இறங்கிச் சுவருக்குள் போயிருந்தது. பெட்டி அங்கே இல்லை. எட்டிப் பார்த்தாள், பெட்டி குசினியில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி குசினிக்குள் கிடக்க, நேரே சுவருக்குள் குத்திவிட்டாளே இந்த மனுசி. பெற்ற தாய் எண்பத்தாறுக்கு இறங்கிக் கிடந்த நேரம் தான் சோக்கு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. அந்தக் கோபத்தை யார் தலையிலாவது இறக்கிவைத்தால்தான் நிற்கலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வீடியோவில் வந்தான். அங்கே அதிகாலை, தலையணையிலிருந்தே கதைத்தான். நடந்ததைக் கேட்டதும் எழும்பி உட்கார்ந்தான். எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பின சாமான் என்று தொடங்கினான். அம்மாவின் உயிரோடு விளையாடுகிற ஆளை வீட்டில் வைத்திருக்கிறாயா என்று முடித்தான். இன்றைக்கே நிப்பாட்டு என்றான். போனின் சத்தம் அறைக்குள்ளும் கேட்டது. பஹ்மியா அம்மாவின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வருவது வரட்டும் என்று ஒரு நாளைக்கு ரியூசனை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியாது அவளுக்கு. அன்றைக்கு எடுக்க இருந்த பாடம் மின்னோட்டம், தடை, வலு. சிலநேரம் இப்படித்தான் எல்லாம் ஒரே நாளில் வந்து வரிசையில் நிற்கும்.

பஹ்மியா தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சுபோதினி கோப்பையைப் பார்க்கவில்லை.

"பஹ்மியா, கொஞ்சம் நில்லும். மெஷினில எத்தினை வோல்ட் எண்டு எழுதியிருக்கு?"

பஹ்மியா தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"நூற்றிருவது. ஆறு மாசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன். சுவரில எத்தினை?"

பதிலுக்கு நிற்காமல் சுபோதினி பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினாள். நூற்றிருபது வோல்டில் நான்கு அம்பியர் இழுக்கிற சாமான். வோல்டை அம்பியரால் பிரித்தால் தடை: முப்பது ஓம். வோல்டை அம்பியரால் பெருக்கினால் வலு: நானூற்றெண்பது வாற்று. அதே முப்பது ஓம் இப்போது இருநூற்று முப்பது வோல்டில். மின்னோட்டம் ஏழு தசம் ஆறு ஏழு அம்பியர். வலு ஆயிரத்து எழுநூற்று அறுபத்து மூன்று வாற்று. சோர்ந்த கையிலும் கணக்கு பிசகாமல் ஓடியது; முப்பது வருடப் பழக்கம்.

"எத்தினை மடங்கு, பர்ஹா?"

முன்வாங்கில் இருந்த பர்ஹா கல்குலேட்டரைத் தட்டினாள். "மூண்டரை மடங்குக்கும் மேல, மிஸ்."

"கேட்டீரே பஹ்மியா? ஒரு ஆள் தூக்கிற பாரத்தை மூண்டரை மடங்காக்கித் தலையில வைச்சா என்ன நடக்கும்? இதுக்குத்தான் சிவப்பு நூல் கட்டி வைச்சனான். படிச்சாத்தான் விளங்கும் எண்டில்லை, கண் இருந்தாக் காணும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர்.

"நான் சுவிட்ச மட்டும்தான் போட்ட, டீச்சர்."

"சுவிட்சைப் போட்டாக் காணும்தானே. வேற என்ன வேணும்?"

பஹ்மியா வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான்கு மணிக்கு எண்ணைச் சொல்லும் குரல் வரவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் 93 என்று எழுதி, வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் போனபின் சுபோதினி சொன்னாள், இனி வர வேண்டாம் என்று. சொல்லும்போது குரல் உயரவில்லை; உயர்த்த அவளிடம் தெம்பும் இல்லை. பஹ்மியா ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவின் மருந்தைப் பெட்டியில் ஞாயிறு வரைக்கும் பிரித்துப் போட்டாள். சிலிண்டர் நாளை விடியும்வரை வரும் என்றாள். எண் எழுதும் கொப்பியின் மேல், தான் காலையில் கதவு திறந்து வருகிற வீட்டுத் திறப்பை வைத்தாள். அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பஹ்மியா போய் அரை மணித்தியாலத்தில், மெஷின் திருத்தச் சொல்லியிருந்த ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். இவரும் கொட்டாஞ்சேனைதான். ஒரு காலத்தில் ரேடியோ, பிறகு ரி.வி., இப்போது பிளக் உள்ள எதையும் திருத்துவார். அறுபது தாண்டிய முழங்கால். நிலத்தில் குந்துவதற்கு முன் ஒருமுறை மாதாவைக் கூப்பிடுவார். சுவர்ச் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினின் முதுகைக் கழற்றிப் பார்த்தார், முகர்ந்தார், மீற்றரின் இரண்டு கம்பிகளையும் அங்கே இங்கே வைத்துப் பார்த்தார். போர்டு போய்விட்டது என்றார். மோட்டார் தப்பியிருக்கிறது, சுருள் ஏழு ஓம் காட்டுகிறது என்றார்.

ஏழு எப்படி வரும் என்று சுபோதினிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கணக்கின்படி முப்பது வர வேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அது ஹீட்டருக்கு மிஸ். கம்பி சூடாகிற சாமானுக்கு உங்கட கணக்கு சரி. மோட்டார் ஓடேக்க கரண்டை எதிர்த்துத் தள்ளும். ஓடாம நிக்கேக்க அளந்தா வேற, ஓடேக்க வேற. தகட்டில உள்ளதைப் பிரிச்சு இதுதான் தடை எண்டு சொல்ல ஏலாது."

அது அவளுக்குத் தெரியாத விஷயமா? பல்கலைக்கழகத்தில் படித்ததுதான். முப்பது வருடமாகப் பதினோராம் ஆண்டுக் கணக்கையே போட்டுப் போட்டு மறந்திருந்தாள். அதை வைத்துத்தான் மூன்று மணிக்கு ஒருத்தியை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறாள்.

யாரோ சட்டென்று சுவிட்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஸ்ரனிஸ்லாஸ் தொடர்ந்தார். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் மோட்டாரும் போயிருக்கும், வயரும் பற்றியிருக்கும். நல்ல காலம், நிறுத்தினவருக்குக் கை ஓடியிருக்கிறது. பிறகு பிளக்கைக் கழற்றக் கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டார். வயரோடு சேர்ந்து ஒரு வெள்ளை அடப்டரும் வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சுபோ எண்டா ஆர் மிஸ்?"

சுபோதினி அதைக் கையில் வாங்கினாள். அவளுடைய கையெழுத்து.

அப்போதுதான் காலை அவளுக்குத் திரும்பி வந்தது, சினிமாவில் வருவதுபோல் இல்லாமல் துண்டு துண்டாக. ஆறரை மணி. லப்டொப் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றியது. அடப்டர் கையில் இருந்தது. மற்றக் கையில் மெஷினின் வயர். பெட்டியைக் குசினிக்குக் கொண்டுபோனதில் கழன்று கிடந்ததை எடுத்திருந்தாள். தட்டைப் பல்லைக் கண்டால் அடப்டர், அடப்டரைக் கண்டால் சுவர்: ஒவ்வொரு நாளும் கை செய்கிற வேலை. கை செய்தது. சுவிட்ச் போடவில்லை, பெட்டியைக் கொண்டுவந்து மாற்றுவோம் என்று நினைத்தாளோ, ஒன்றும் நினைக்கவில்லையோ. அந்த நேரம்தான் அம்மாவின் உடுப்பு நனைந்தது. சிவப்பு நூல் அவளுடைய விரலில் பட்டிருக்க வேண்டும். சட்டம் போட்டவளே சட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டு மீறியிருக்கிறாள்.

வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். நாகேந்திரம் சேரைக் கள்ளனாக்கியது, பஹ்மியாவைக் கண் இல்லாதவளாக்கியது, எல்லாம் ஒரே நாளில், ஒரே வாயால். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் எதையோ விளங்கிக்கொண்டவர்போல் மெஷினின் முதுகைப் பூட்டினார். புறக்கோட்டையில் போர்டு பார்க்கிறேன், நாளைக்கு இரவுக்குள் ஓட வைக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஹ்மியாவுக்குப் போன் எடுத்தாள். அவள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். நேரே போய்ச் சொல்ல வேண்டிய விஷயம் இது. கொட்டாஞ்சேனை ஒன்றும் கனடா இல்லை. ஆனால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மாவோடு இருக்கக்கூடிய ஒரே ஒருத்தியிடம்தான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பு இல்லை.

அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். பிளக்கைக் குத்தியது நான் என்றாள். அவன் ஏசுவான் என்று காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"சரி விடு. களைப்பில ஆருக்கும் வாறதுதான். நீயும் மனிசிதானே."

மத்தியானம் அம்மாவின் உயிரோடு விளையாடியதாக இருந்த அதே பிழை, பின்னேரம் ஆருக்கும் வாறதாகிவிட்டது. ஆள் மாறினால் பிழையின் எடை இவ்வளவு மாறுமா? சுபோதினி போனைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளேயிருந்து அம்மா, மூச்சை இழுத்து இழுத்து, "பிள்ளை எங்க?" என்று கேட்டார். அம்மா பிள்ளை என்று கூப்பிடுவது பஹ்மியாவை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள், ரியூசனையும் நிறுத்தினாள். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி பருக்குவது, சிலிண்டர் மாற்றுவிப்பது. பத்து மணிக்கே இடுப்பு கழன்றுவிட்டது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தாள். சத்தமாகச் சொல்ல ஆளில்லை, கேட்க ஆளில்லை. பஹ்மியா இதை ஆறு மாதம் செய்திருக்கிறாள், ஒருநாளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் கண்டதில்லை.

பின்னேரம் போன் வந்தது. பஹ்மியாதான் கூப்பிட்டாள். சுபோதினி சுற்றி வளைக்கவில்லை. பிளக்கை நான்தான் குத்தினனான், பிழை முழுக்க என்னுடையது, என்னை மன்னியும் என்றாள்.

"தெரியும் டீச்சர்," என்றாள் பஹ்மியா. "நான் வரக்குள்ளயே குத்தித்தான் ஈந்திச்சி. அடப்டர்ல ஒங்கட பேரும் ஈந்திச்சி."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"யாரு கேட்ட?" என்றாள் பஹ்மியா. "நூலக் கண்ட, பெட்டி இல்லாததயும் கண்ட. ஆனா நீங்க வெச்சதெண்டா சரியாத்தான் ஈக்கும் எண்டு நெனச்ச. கரண்ட் படிச்சிக் குடுக்கிற ஆளுக்கு நான் போய் பிழ செல்லவா? அதுதான் சுவிட்ச போட்ட. அது என்ட பிழ."

அது பிழை இல்லை என்று சுபோதினி சொன்னாள். சொல்லும்போதே அந்தச் சொல் எவ்வளவு இலேசானது என்று அவளுக்குப் பட்டது. திரும்பி வருவீரா என்று கேட்டாள். கொட்டாஞ்சேனையிலேயே ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள், பஸ் ஏறத் தேவையில்லை என்றாள் பஹ்மியா.

"மெஷினுக்கு ஏசினத்துக்கு எனக்கி ஒண்டுமில்ல டீச்சர். யாரும் ஏசுறதுதான். ஆனா அந்தப் புள்ளைகளுக்கு முன்னுக்கு நிக்க வெச்சி கணக்குக் கேட்டீங்க. அதுகள் சிரிச்ச. ராவைக்கி படுத்தாலும் அந்தச் சிரிப்புத்தான்."

சுபோதினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தில் பஹ்மியா மூச்சுவிடுவது கேட்டது.

"அம்மாக்கு இப்ப எத்தின?" என்று கேட்டாள் பஹ்மியா.

"தொண்ணூற்றொண்டு."

"தலகாணிய ஒசத்துங்க, கூடும். நாளைக்கி பத்து மணிக்கி கிளாஸ் ஈக்கிதானே. அம்மாவ யாரு பாக்குற?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப நான் வாரன். கிளாஸ் முடியிற வரைக்கும்தான்."

சனிக்கிழமை ஒன்பதேமுக்காலுக்கு வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, விருந்தாளிபோல் மணியை அடித்தாள். சுபோதினி கதவைத் திறந்து வழிவிட்டாள். முதல் நாள் இரவே ஸ்ரனிஸ்லாஸ் புதுப் போர்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மெஷின் கறுப்புப் பெட்டி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. பஹ்மியா அறைக்குள் போனதும் முதலில் குனிந்து பிளக்கைப் பார்த்தாள். அதைச் சுபோதினி ஹோலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திறப்பு கொப்பியின் மேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். சுபோதினி அறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். பலகையில் வியாழக்கிழமைக் கணக்கை மறுபடி முழுவதும் எழுதினாள். நூற்றிருபது, நான்கு, முப்பது, நானூற்றெண்பது, ஆயிரத்து எழுநூற்று அறுபத்து மூன்று. பிள்ளைகள் ஏற்கனவே எழுதியதுதானே என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இந்தக் கணக்கில ரெண்டு பிழை," என்றாள் சுபோதினி. "முதல் பிழை சின்னன். இது ஹீட்டருக்குச் சரி, மோட்டாருக்கு அப்படியே சரிவராது. மோட்டாரைப் பற்றிப் பிறகு சொல்லுறன். ரெண்டாவது பெரிசு. அந்த பிளக்கைச் சுவரில குத்தினது பஹ்மியா இல்லை. நான். நூல் கட்டினதும் நான், குத்தினதும் நான். செய்தது ஆரெண்டு பாக்காம உங்களுக்கு முன்னால அவவை நிறுத்தி வைச்சனான். அண்டைக்கு அம்மாவைக் காப்பாத்தினது அவ. மெஷினைக் காப்பாத்தினதும் அவதான்."

பின்வாங்கில் அன்றைக்குச் சிரித்தவன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பர்ஹா மெதுவாகக் கையை உயர்த்தினாள்.

"அப்ப அவ சிவப்பு நூலைக் கண்டிருப்பாதானே, ஏன் மிஸ் சுவிட்ச் போட்டவ?"

முப்பது வருடத்தில் எத்தனையோ கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னவள். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"வைச்சது நான் எண்டபடியா," என்றாள். "நான் பிழை விடமாட்டன் எண்டு நம்பினவ."

டஸ்டரை எடுத்தாள், அழிக்கவில்லை, திரும்பக் கீழே வைத்தாள். பிள்ளைகள் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹோல் மணிக்கூடு பதினொன்று அடித்தது. அடித்து முடிந்தும் உள்ளே ஒரு அசுமாத்தமும் இல்லை. சரி, கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள், அதுவே போதும் என்று சுபோதினி மனதைத் தேற்றிக்கொண்டாள். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"தொண்ணூத்தி அஞ்சு, டீச்சர்."

ஆறு மாதமாகக் கேட்ட அதே குரல், அதே உரம். திங்கட்கிழமை வருவாளா என்று அந்தக் குரலில் ஒன்றும் தெரியவில்லை. சுபோதினி கேட்கவும் இல்லை. பலகையின் மூலைக்குப் போய் 95 என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பிள்ளைகளின் பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.